உதடு ஒட்டவில்லை

மறுபடியும் அதே முகம். திரை முழுக்கக் கோதண்டம் வந்து நிற்பார், கண் கலங்கும், உதடு குவியும், வாய் பிளக்கும், பல் தெரியும், அவ்வளவுதான், சட்டென்று அறுந்து முதலிலிருந்து வருவார். காலையிலிருந்து இதே கூத்து. ஒரு ஆளை இத்தனை தடவை அழவிட்டால் எமன்கூடப் போதும் என்று எழுந்து போய்விடுவான் என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு, எமனுக்கென்ன, அவன் படமா எடுக்கிறான் என்றும் தோன்றியது. டப்பிங் தியேட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நிஜக் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார், காதில் ஹெட்போன், கையில் டயலாக் பேப்பர், கல்யாணத்துக்கு வந்த மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஷெரீஃப், பட்டன்களுக்கு முன்னால், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் சோபாவில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், படத்தை எடுத்த இவள். நாளைக்கு மிக்ஸிங், எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்தாக வேண்டும். மிக்ஸிங் முடிந்த சூட்டோடு படம் கேரளத்தில் ஒரு விழாவுக்குப் போயாக வேண்டும், பிந்தினால் அந்த இடத்தில் வேறு எவன் படத்தையோ போட்டுவிடுவார்கள். படத்தில் எல்லாரும் பேசி முடித்தாயிற்று. டீக்கடை ரேடியோகூடப் பேசிவிட்டது. பாக்கி இந்த ஒரு ஷாட். பாய்லர் சூட்டில் மயங்கி விழுந்து செத்துப்போன மகனின் உடம்பைக் கேட்டு அப்பன் கம்பெனி வாசலில் வந்து நிற்கிறான், மேனேஜர் பொம்பளை கேட்டைத் திறக்காமல் நிற்கிறாள், அப்போது அவன் சொல்கிற ஒரே ஒரு வரி. ‘எம்புள்ளய எங்கிட்டயே குடுத்துடுங்கம்மா.’ அமலோற்பவமே எழுதிய வரி. படமே அந்த வரிக்காக எடுத்ததுதான். இப்போது அந்த வரி அந்த வாயில் உட்கார மாட்டேன் என்கிறது.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது” என்றான் ஷெரீஃப், திரும்பாமலே. “புள்ளன்னு சொன்னா உதடு ஒட்டணும். அம்மான்னு சொன்னா ஒட்டணும். இதுல ஒரு எடத்துலகூட ஒட்டலக்கா. வேணும்னா ஸ்லோவா ஓட்டிக் காட்றேன்.” காட்டாதே, காட்டிக் காட்டியே என்னைக் கொன்றுவிடுவாய் என்று அவள் சொன்னாள், ஆனால் அவன் அதற்குள் ஓட்டிவிட்டான், கோதண்டத்தின் வாய் மாடு அசை போடுகிற மாதிரி மெதுவாகத் திறந்தது, மூடவே இல்லை. ஷூட்டிங் அன்றைக்கு எடுத்த சத்தம் என்று ஒன்று இருக்குமே, அதைக் கேட்டால் என்ன பேசினார் என்று தெரிந்துவிடுமே என்றால், அங்கேதான் இடி. அன்றைக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷூட்டிங்கில் யாரோ “ஜெனரேட்டர் சத்தம் ஏறுதுக்கா” என்றபோது, “டப்பிங்ல பாத்துக்கலாம்” என்று சொன்னது வேறு யாருமில்லை, அவள் வாய்தான். டப்பிங்ல பாத்துக்கலாம். இந்த ஊரில் எத்தனை பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்த வார்த்தை அது. காலையில் ஷெரீஃப் மந்திரம் போட்ட மாதிரி அந்த ஜெனரேட்டரைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி, “அடில ஒண்ணுமே இல்லக்கா. தூரத்துல ஒரு காக்கா இருக்கு. இவரு இல்ல” என்றான். இல்லை என்றால்? வாய் அசைகிறதே? அசைகிறது, சத்தம் மட்டும் போடவில்லை. அமலோற்பவத்துக்கு அப்போதே புரிந்துவிட்டது, ஷெரீஃபுக்கு விளக்கிச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கூட்டத்தில் நிற்கிற ஆள் அவர். கல்யாணக் கூட்டம், சாவுக் கூட்டம், கோர்ட்டுக் கூட்டம், கலவரக் கூட்டம். ஹீரோ முன்னால் நின்று பேசும்போது பின்னால் நிற்கிற கூட்டம் பேசுகிற மாதிரி வாயை அசைக்க வேண்டும், மூச்சு வெளியே வரக் கூடாது. வந்தால் டேக் போயிற்று, ஹீரோ முறைப்பார், டைரக்டர் கத்துவார், கூட்டத்தைக் கூட்டி வந்த ஏஜென்ட்டின் மானம் போகும். அந்த ஏஜென்ட் யார்? அமலோற்பவம்தான். விடிகாலையில் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் ஓதுகிற வேதம்: வாய் ஆடணும், சத்தம் வரக் கூடாது, சத்தம் வந்துச்சு, அடுத்த பஸ்ஸுல ஊட்டுக்குத்தான். ஆயுசு முழுக்க அதைக் கேட்ட மனுஷன், முதல் முதலாகத் தன் முகத்துக்கு மட்டும் கேமராவை வைத்தபோதும், பழக்க தோஷத்தில், சத்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டார். சரி, வைத்துக்கொண்டார். ஆனால் எதை? கூட்டத்தில் நிற்கிறவன் என்ன பேசுகிறான் என்று யாருக்குத் தெரியும். ஒருத்தி ரேஷன் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பாள், ஒருத்தன் ஜபம் சொல்வான், கலவரக் காட்சியில் பின் வரிசையில் கையை ஓங்கிக்கொண்டு ரெண்டு பேர் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை அவளே பார்த்திருக்கிறாள். அவளும் நின்றவள்தானே, ஏஜென்ட் ஆவதற்கு முன்னால், பதினேழு பதினெட்டு வயசில், கோயில் திருவிழாக் கூட்டத்தில் மஞ்சள் புடவையோடு.

“ஏஜென்டம்மா, இன்னொரு வாட்டி போலாமா?” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பீக்கர் வழியாகக் கோதண்டத்தின் குரல். நல்ல குரல். அதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு கனமான குரலை வைத்துக்கொண்டு இந்த ஆள் இத்தனை வருஷம் வாயை மட்டும் அசைத்திருக்கிறார். அவள் பட்டனை அழுத்தி, “போலாம்ணே, போலாம். எத்தினி வாட்டி வேணா போலாம், தியேட்டர் எங்கப்பன் ஊட்டுதுதானே” என்றாள். ஷெரீஃப் ஓட்டினான். எம்புள்ளய. உதடு குவிந்து கிடக்க, குரல் ‘எம்’ என்றது. யாரோ ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. போதும் என்று கையைக் காட்டினாள். காலையிலிருந்து வார்த்தையை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. ‘உசுரு’ என்று ஆரம்பித்தால் உதடு குவியும், சரி, அடுத்து வாய் அகலமாகப் பிளக்க வேண்டுமே. ‘ஒத்தைக்கு ஒத்த புள்ள’, ஊஹூம், புள்ள வந்தால் ஒட்ட வேண்டும். புள்ளையை எடுத்துவிட்டால்? புள்ளை இல்லாமல் இந்தக் காட்சி எதற்கு? ‘உங்க காலுல வுழறேன்’, இது கொஞ்சம் நெருங்கி வந்தது, ஷெரீஃப்கூடத் தலையை ஆட்டினான், ஆனால் கடைசியில் பல்லைக் கடித்த மாதிரி ஒரு இழுப்பு இருக்கிறதே, அதில் போய் உடைந்தது. காலில் விழுகிறவன் பல்லைக் கடிப்பானா? இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி, அங்கேயே நின்றுகொண்டு குத்தியது. கெஞ்சுகிற வார்த்தையை எல்லாம் அவள் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா. கும்புடறேன். மகராசி. மன்னிச்சுடு. பாவம் பாக்கணும். பிச்சையா குடு. எல்லாவற்றுக்கும் உதடு ஒட்டுகிறது. எங்கேயாவது ஒரு இடத்தில் ஒட்டித்தான் தீர்கிறது. குழந்தை பால் கேட்கிற மாதிரி. ஒரு தடவைகூட ஒட்டாத இந்த வாய் அப்படியானால் என்ன செய்துகொண்டிருக்கிறது? கண்ணில் தண்ணீர் நிற்கிறது, சரி, ஆனால் கண்ணீர் எதற்கெல்லாம் வரும் என்று அவளுக்குத் தெரியாதா.

போன் துடித்தது. எடிட்டர் வினோதினி. சின்னப் பெண், ஆனால் படத்தில் கத்தரியை வைக்கும்போது கை நடுங்காது. “அக்கா, கோச்சிக்காம கேளுங்க. அந்த ஷாட்ட எடுத்துடலாம். பின்னாலேருந்து ஒரு வைட் ஷாட் இருக்குல்ல, அவரு முதுகு, எதுர்ல கேட்டு. அதுல வாய் தெரியாது. டயலாக்க மேல போட்டுக்கலாம். யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க.” யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அது உண்மை. வினோதினி எப்போதும் உண்மையைத்தான் சொல்வாள், அதனால்தான் அவள் போன் வந்தாலே இவளுக்கு ரத்தம் கொதிக்கிறது. “முதுகா? ஏம்மா, அந்தாளு முதுகத்தாம்மா ஊரே எடுத்து வெச்சிருக்குது. எந்தப் படத்த வேணா போடு, எங்கனா ஒரு மூலைல அவரு முதுகு இருக்கும். அதுக்கு நான் எதுக்குப் படம் எடுக்கணும்?” “நீங்க கத்துனா ஆச்சாக்கா? இன்னிக்கு மாலைக்குள்ள ரீலு எனக்கு வந்தாகணும். வாய் ஒரு பக்கம், வார்த்த ஒரு பக்கம் போச்சுன்னா சனங்க சிரிச்சுடும். சாவு சீன்ல சிரிச்சாங்கன்னா படம் காலி.” சிரிப்பார்கள். அதுதான் பயம். வேறு எந்தப் பயமும் அவளுக்கு இந்த வயசில் கிடையாது, போலீஸ் பார்த்தாயிற்று, யூனியன் பார்த்தாயிற்று, புருஷன் விட்டுப் போனதும் பார்த்தாயிற்று. இந்தச் சிரிப்பு ஒன்றுதான். கூட்டம் சப்ளை பண்றது படம் எடுக்குதாம்பா என்று வடபழனி டீக்கடையில் ஒருத்தன் சொல்லி நாலு பேர் சிரித்தது அவள் காதில் விழத்தான் விழுந்தது. தனக்குத் தெரிந்த சினிமா கம்பெனி மேனேஜர்களிடமே பேசிப் பேசி, இவனிடம் கேமரா வாடகையை அடித்துப் பேசி, அவனிடம் லைட்டைப் பாதிக்கு இறக்கி, இந்த ஷெரீஃபை அவன் அம்மாவிடம் பேசி வரவழைத்து, ஒரு படத்தைக் கரை வரைக்கும் இழுத்து வந்தாயிற்று. பேரம் பேசி வாங்க முடியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவள் நம்பினதே இல்லை. உதட்டோடு எப்படிப் பேரம் பேசுவது? கொஞ்சம் ஒட்டிக்கோ, நான் கொஞ்சம் இறங்கி வரேன் என்றா? “ராத்திரி வரைக்கும் குடு” என்று வினோதினியிடம் சொல்லி வைத்தாள். அதுவும் பேரம்தான்.

ஷாட் எடுத்த அந்த மத்தியானத்தை அவள் மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூடிக் கிடந்த ஒரு கம்பெனி, வாட்ச்மேனைக் கைக்குள் போட்டு உள்ளே நுழைந்தது, முதலாளி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வெயில். தகரக் கேட்டைத் தொட்டால் சுட்டது. மேனேஜராக நடிக்கிற பெண்ணுக்கு அன்றைக்கு வேறு ஷூட்டிங், அவளை அப்புறம் தனியாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் கோதண்டம் பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று அமலோற்பவமே கேமராவுக்குப் பக்கத்தில், லென்ஸை ஒட்டி நின்றாள். என் மூஞ்சியப் பாத்துப் பேசுண்ணே என்றாள். முதல் டேக்கில் அவர் நடித்தார், நாடகம் மாதிரி இருந்தது. ரெண்டாவதிலும் அப்படியே. அப்புறம் லைட் மாற்றி, கேமரா மாற்றி, வெயிலிலேயே நிற்க வைத்து, எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அந்தக் கடைசி டேக். கேமராக்காரப் பையன் அவள் காதருகில் வந்து, அந்த உதட்டப் பாருங்கக்கா, எப்டி வெடிச்சிருக்கு, எந்த மேக்கப்மேனும் இத போட முடியாது என்று கிசுகிசுத்தான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் ஆள், தன் வேனில் வந்த ஆள். ஆக்‌ஷன் என்றாள். கோதண்டம் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை, தலை குனிந்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற மனுஷன். அந்தக் கண்ணைப் பார்த்து அவளுக்கே கண் நிறைந்து, கட் சொல்ல மறந்து, பிறகு சொல்லி, எல்லாரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் வேகமாக நடந்து வேனுக்குப் பின்னால் போனார். அழப் போகிறார், விடுங்க, மனுஷன் கேரக்டரோட கலந்துட்டாரு என்று அவள் சொன்னாள். சொன்னது ஞாபகம் இருக்கிறது. கலந்துட்டாரு. இப்போது திரையில் அதே கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அறுந்து, மறுபடி பார்த்தது. மகனைப் பறிகொடுத்தவன் கண்ணா அது? காலையிலிருந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள், கண்ணைப் பார்க்கவில்லை. அவள் எழுந்தாள். ஷெரீஃப் “அக்கா, உள்ள போவாதீங்க, மைக்கு ஆன்ல இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடிமனான கதவை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே காது அடைத்த மாதிரி இருந்தது. கதவு மூடினதும் வெளி உலகம் செத்துவிட்டது. கோதண்டம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “அண்ணே, உண்மையச் சொல்லு. அன்னிக்கு இன்னா பேசின?” “டயலாக்தாம்மா. பேப்பர்ல இருந்ததுதான்.” “உதடு ஒட்டல.” “மேல்வரிச பூரா செட்டுப் பல்லும்மா. ஒட்டாது.” “யோவ், நக்கலா? சாப்புடும்போது மட்டும் ஒட்டுதா?” அவர் சிரிக்கவில்லை. டயலாக் பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். “வாய் சும்மா ஆடிச்சும்மா. பழக்கம். நீதானே சொல்லிக் குடுத்த.” “சும்மா ஆடின வாய் இல்ல அது. எனக்குத் தெரியாதா? சும்மா ஆடறவன் கண்ணு வேற எங்கனா இருக்கும். நீ என்னப் பாத்துதான் பேசின.” அவர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார், அங்கே ஷெரீஃப் எதையோ துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். “அத வுடும்மா. வேற ஆள வெச்சி எதனா பேசிக்கோ. எனக்கு இதெல்லாம் வேணாம்.” வேண்டாமாம். இந்த ஒரு முகத்துக்காக எத்தனை பேர் காலைப் பிடித்தாயிற்று, இவருக்கு வேண்டாமாம். பேப்பரைப் பிடுங்கி மூஞ்சியில் எறிய வேண்டும் போல் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். கோபத்தில் பேரம் பேசினால் சரக்கு போய்விடும், அது அவளுக்குத் தெரியும். எதிராளி எதற்குப் பயப்படுகிறான் என்று பார்க்க வேண்டும். எதற்குப் பயப்படுகிறார் இந்த ஆள்? படத்துக்கா? படம் அவருக்கு ஒரு நாள் கூத்து. பார்த்தாள். அவர் அவளுடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் கையிலிருந்த போனை, தினமும் ராத்திரி நாளைக்கு வேன் எங்கே வரும் என்று சொல்கிற அந்த போனை. “ஓ” என்றாள். “சொன்னா நாளைலேருந்து கூப்புட மாட்டேன்னு பாக்கிறியா?” அவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார். “உன் வேலைல கை வெக்க மாட்டேன்ணே.” “டைரக்டர் வெக்க மாட்டாங்க. ஏஜென்டு?” “ஏஜென்டும் வெக்க மாட்டா.” “மாதா மேல சொல்லு.” “யோவ், இந்துக்காரனுக்கு எதுக்குய்யா எங்க மாதா?” “நீ மாதா மேல சொன்னா மாற மாட்ட. ஊருக்கே தெரியும்.” அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தாள். “மாதா மேல.” அவர் மடித்த பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வெளில போயி நில்லு. மூஞ்சிக்கு நேரா வராது.” “அன்னிக்கு மட்டும் வந்துச்சா?” “அன்னிக்குச் சத்தம் இல்லையேம்மா.”

அவள் வெளியே வந்து ஷெரீஃபின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஓட்டு.” திரையில் கோதண்டம் வந்து நின்றார், கண் கலங்கியது, உதடு குவிந்தது, அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் கனமான குரல் ஒரு இழை பிசகாமல் அதன் மேல் வந்து ஏறியது.

“ஒரு வாய் தண்ணி குடுத்தியாடி…”

கடைசி எழுத்தில் மட்டும் குரல் இறங்கியது. ஷெரீஃப் கிராம்பைக் கடித்துவிட்டான். திரையில் முகம் அறுந்து, முதலிலிருந்து வந்து, சத்தமில்லாமல் அதையே சொன்னது, இப்போது தெள்ளத் தெளிவாக, காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு வாய் தண்ணி குடுத்தியாடி, ஒரு வாய் தண்ணி குடுத்தியாடி, அவளைப் பார்த்து, அவள் மூஞ்சியைப் பார்த்து. கேட்டார். கேட்கத்தான் கேட்டார், ரெண்டாவது டேக் முடிந்ததும், ஏஜென்டம்மா கொஞ்சம் தண்ணி என்று, அவள்தான் ஷாட் முடியட்டும்ணே, உதடு நல்லாருக்குது, நனைச்சிடாத என்றாள். அப்புறமும் கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. டி. யாரைப் பார்த்து? அவளை டி போட்டவன் எவனும் அதற்கப்புறம் அவள் இருக்கிற தெருவில் நிமிர்ந்து நடந்ததில்லை, ஒரு சினிமா மேனேஜரை அவன் கம்பெனி வாசலில் வைத்தே அடிக்கச் செருப்பைக் கழற்றினவள் அவள், புருஷனே டி சொல்ல யோசிப்பான். உச்சந்தலைக்கு ஏறியது. என் வேனில் வந்து, என் சோற்றைத் தின்று, என் படத்தில், என் கேமராவில், என்னையே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் தலை குனிந்து நின்றார், வேனில் ஏறக் காத்திருக்கிற மாதிரி. அவள் இப்போது என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு போகிற நிற்பு. திரையில் இருக்கிறவன் மட்டும் குனியவில்லை. அவன் மேனேஜர் பொம்பளையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாய்லர் சூட்டில் கிடந்த பிள்ளைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதின வரி, அதற்குப் பக்கத்தில் வெறும் பிச்சைக்காரன் வரி மாதிரி இருந்தது. அவள் கெஞ்சத்தான் எழுதியிருக்கிறாள். இந்த அப்பன் கெஞ்சுகிற அப்பன் இல்லை.

“அக்கா” என்றான் ஷெரீஃப், குரலே எழும்பாமல். “வார்த்த கரெக்டா உக்காந்துருச்சு. ஆனா… அந்தக் கடைசி எழுத்த வேணா கட் பண்ணி எடுத்துடட்டுமா? தண்ணி குடுத்தியான்னு நிறுத்திடலாம்.”

அவள் அவனைப் பார்த்தாள், அவன் கையை எடுத்துக்கொண்டான். பேச்சுப் பட்டனின் மேல் அவள் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதண்டம் நிமிர்ந்தார்.

“இன்னொரு வாட்டி போலாம்ணே” என்றாள். “கடைசில அந்த ‘டி’ய முழுங்கிட்ட. பல்லு தெரியுது பாரு. முழுசா சொல்லு.”